கண்காட்சிக்குப் புறப்படுமுன்

தைப்பூசத்தன்று நம் பெருநகருக்கு வந்திருப்பவர்கள் செய்யாற்றங்கரையில் முளைக்கும் கடைகளைக் கண்டிருப்பார்கள். பிரம்மபுரீசுவரர் எழுந்தருள, சுற்று வட்டாரத்துப் பல ஊர்த் தெய்வங்களும் ஆற்றங்கரைக்கு வந்து சேருகின்றன. தெய்வங்களின் பின்னே ஜனங்கள்; ஜனங்களின் பின்னே வியாபாரிகள். அங்கே வரும் வளையற்காரர் ஒருவரை நான் கவனித்திருக்கிறேன். முதல் நாளே வந்து இடம் பார்க்கிறார். வெயில் எந்தப் பக்கம் விழும், கூட்டம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நோட்டம் விடுகிறார். சிறுமியர் வளையலை முன்னும் பெரியவர்கள் வளையலைப் பின்னுமாக அடுக்குகிறார். சில்லறையை மாற்றி மடியில் முடிந்துகொண்ட பிறகே உட்காருகிறார். அவர் பட்டப் படிப்புப் படித்தவர் அல்லர். படித்த எனக்கு அவரைப் பார்க்கச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அதன் காரணத்தைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்று வடநாட்டு நகரம் ஒன்றில் நடைபெற்ற கண்காட்சியில் கடை போட விரும்பியது. போகலாம் என்று சிபாரிசு எழுதியவன் நான். நூற்று நாற்பது புடைவைகளும் அறுபது துண்டுகளும் மூன்று மூட்டைகளாக ரயிலேறின. விற்பனையாளர் ஒருவரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் கூடச் சென்றனர். பத்து நாள் கண்காட்சியில் முதல் ஐந்து நாளில் விற்றவை பதினேழு புடைவைகள். மூட்டையில் இருந்தவற்றில் பெரும்பகுதி, நம் கல்யாண வீடுகளை நினைத்து நெய்து, தீபாவளிக்கு விலை போகாமல் நின்ற பழைய இருப்பு. அங்குள்ளவர்கள் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள், வாங்கவில்லை. விலைச் சீட்டும் கிடையாது. ஒருவர் இரண்டாயிரம் என்பார். அவர் சாப்பிடப் போன பின் மற்றவர் ஆயிரத்தெண்ணூறு என்பார். காலையில் ஒரு புடைவை வாங்கிச் சென்ற அம்மையார் மாலையில் தம் சிநேகிதியை அழைத்து வந்து, அதே ரகத்தின் விலை இருநூறு குறைந்திருப்பதைக் கண்டு சண்டைக்கு நின்றார். கடைசி நாள் மாலை, மூட்டையைத் திரும்பச் சுமக்க அஞ்சி, எஞ்சியவற்றில் ஐம்பதை ஒரு வியாபாரியிடம் அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினர்.

சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்த நஷ்டம் ஒரு வரிதான். நெசவாளர் வீட்டில் அது பதினெட்டு நாள் கூலித் தாமதமாயிற்று. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஒருவர் சங்கத்து வாசலில் என்னை நிறுத்தி, “நாங்கள் நெய்தது மட்டமா, ஐயா?” என்று கேட்டார். துணியில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அனுப்பிய எங்கள்மேல் என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்தப் பதிலையே இப்போது எழுதுகிறேன்.

கண்காட்சி என்பது நமக்குப் புதியதன்று. 1851-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மகா கண்காட்சியிலேயே இந்தியத் துணிகள் பலர் கண்ணையும் கவர்ந்தன. அதனால் நெய்தவனுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை. 1866-இல் ஜான் போர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நம் நாட்டுத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்தார். அப்படி இருபது பிரதிகள் தயாராயின. பதின்மூன்று பிரிட்டனிலும் ஏழு இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று ஆங்கில ஆலைக்காரர்கள் தெரிந்துகொள்வதே அதன் முக்கிய நோக்கம். நம் சரக்கு பார்வைக்குப் போயிற்று; விற்பனை பிறருடையதாயிற்று. இன்றும் கடை வாசலில் ஒருவர் வந்து, வாங்காமல், கைப்பேசியில் முந்தானையைப் படம் பிடித்துச் சென்றால், அந்தக் கோலம் விசைத்தறியில் ஏறாது என்பதற்கு உறுதியில்லை. சேலை முதலிய பதினொரு வகைகளைக் குறிப்பிட்ட தன்மைகளோடு கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. ஆயினும் புதிய கோலத்தை முதல் நாளே கடைமுகப்பில் தொங்கவிடாமல், கேட்பவருக்கு எடுத்து விரித்துக் காட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை மாறிற்று. 1952-இல் கைத்தறிக்கும் கைவினைக்கும் அகில இந்திய வாரியங்கள் ஏற்பட்டன. அவ்விரண்டும் 2020-இல் கலைக்கப்பட்டுவிட்டன என்றாலும், அவை வளர்த்த வழக்கம் நிலைத்துவிட்டது. ஹரியானாவில் சூரஜ்குண்டு மேளா 1987 முதல் நடந்து வருகிறது. தில்லியில் கைவினைஞர் தாமே முறை வைத்துக் கடை போடும் தில்லி ஹாட் 1994-இல் திறக்கப்பட்டது. நம் ராஜ்யத்தில் 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கங்களின் சரக்கை வாங்கி விற்கிறது. அதற்குக் கொடுப்பது ஒரு முறை. கண்காட்சி வேறொரு முறை. முன்னதில் உடுத்துபவர் முகத்தை நாம் காண்பதில்லை. பின்னதில் அவர் எதிரே நின்று, “இது என்ன நூல்? சாயம் போகுமா? ஏன் இவ்வளவு விலை?” என்று மூன்று கேள்வி கேட்கிறார். மூன்றுக்கும் விடை ஊரிலேயே தயாராகிவிட வேண்டும். அவற்றைத் திடலில் போய்த் தேடிய சங்கம்தான் நான் மேலே சொன்ன சங்கம்.

நிற்க. தயாரிப்பு எப்போது தொடங்குகிறது? பாவு தறியில் ஏறும்போது தொடங்குகிறது. காஞ்சிபுரம் பக்கத்து வழக்கப்படி ஒரு பட்டுப் பாவில் மூன்று புடைவைகள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை போட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிய இன்னொருவர் வேண்டும். புடைவை ஒன்றுக்குப் பத்து முதல் பதினைந்து நாள் பிடிக்கும். ஆக, ஒரு பாவு முடிய ஏறக்குறைய நாற்பது நாள். மூன்று மாதத்தில் ஒரு தறிக்கு இரண்டு பாவு, ஆறு புடைவை. பத்துத் தறிகளை ஒதுக்கினால் அறுபது. தை, மாசியில் நடக்கும் கண்காட்சிக்கு ஐப்பசியில் யோசித்தால் பழைய இருப்பைத்தான் மூட்டை கட்ட நேரும். ஆவணிக்குள் நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுவிட வேண்டும். எந்த நகரம், அங்கே என்ன நிறம் எடுபடும் என்பதைக் காஞ்சிபுரத்திலுள்ள நெசவாளர் சேவை மையத்தில் கேட்டறியலாம். வண்ணமும் கோலமும் அமைத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. வழக்கமான கோலத்தை விடவேண்டும் என்பதில்லை. ஒரே பாவில் ஊடையை மாற்றினால் மூன்று புடைவையும் மூன்று சாயலில் வரும் என்பது எந்த நெசவாளருக்கும் தெரிந்ததே. தெரிந்ததைக் கண்காட்சிக்கென்று செய்வதில்லை, அவ்வளவே.

புடைவை மட்டும் போதாது. கடைக்கு வருகிறவர்களில் பலர் முந்நூறு, நானூறு ரூபாயோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கென்று துண்டு, துப்பட்டா, மேசைவிரிப்பு, பை ஆகியவை முன்வரிசையில் இருக்க வேண்டும். துண்டு வாங்கக் குனிந்தவர் நிமிரும்போது புடைவையைப் பார்க்கிறார்.

இனி விலை. இதில்தான் நம் சங்கங்கள் பெரிதும் ஏமாறுகின்றன. உதாரணமாக ஒரு பருத்திப் புடைவையை எடுத்துக்கொள்வோம். நூலும் சாயமும் 650 ரூபாய், பாவு தயாரிப்பு 80, நெசவுக் கூலி 900, சங்கச் செலவு 120. ஆக அடக்கம் 1,750 ரூபாய். எனவே 1,800-க்கு விற்றால் ஐம்பது லாபம் என்று விற்பனையாளர் மனத்தில் ஒரு கணக்கு. கண்காட்சிக்குப் போய்வரும் செலவு எங்கே? ரயில் கட்டணம், சரக்குக் கூலி, கடை வாடகை, தங்கல், சாப்பாடு, கூடச் சென்ற நெசவாளருக்குத் தறி நின்ற நாட்களின் கூலி எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வையுங்கள். கொண்டு போகும் புடைவைகள் 120. பதினெட்டாயிரத்தை 120-ஆல் வகுத்துப் புடைவைக்கு 150 என்று சேர்ப்பார்கள் சிலர். அதுவும் தவறு. கொண்டு போவதெல்லாம் விற்பதில்லை. பாதிதான் விற்கும் என்று வைத்து 60-ஆல் வகுக்க வேண்டும். புடைவைக்கு 300 வருகிறது. உண்மை அடக்கம் 2,050 ரூபாய். 1,800-க்கு விற்றவர் ஐம்பது சம்பாதிக்கவில்லை, இருநூற்றைம்பது இழந்தார். அறுபது புடைவையையும் அப்படி விற்றால் 15,000 ரூபாய் போயிற்று. நான் முன்பு சொன்ன பதினெட்டு நாள் தாமதம் இப்படிப்பட்ட கணக்கிலிருந்தே பிறந்தது.

ஆகவே ஒவ்வோர் உருப்படிக்கும் அடக்க விலை, விற்கும் விலை, இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்ற விலை ஆகிய மூன்றையும் குழுவே தீர்மானித்து எழுதிவிட வேண்டும். நடு விலை சீட்டில் இருக்கட்டும். மற்ற இரண்டும் கடையில் இருப்பவர் நோட்டுப் புத்தகத்தில். பேரம் பேசுகிறவரை நான் குறை கூறமாட்டேன். சந்தைக்குப் போனால் நாமும் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர்களே. ஆனால் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றிருந்தால் வாங்கியவரும் ஏமாந்தோம் என்று நினைப்பார். வாங்காதவரும் இன்னும் குறையும் என்று காத்திருப்பார். தள்ளுபடி கொடுப்பதாயின் எந்த ரகத்திற்கு, எத்தனை விழுக்காடு, எந்த நாள் முதல் என்று பலகையில் எழுதிக் கொடுங்கள். இழை விட்ட துணி, கறை பட்ட துணி இருந்தால் அவற்றைத் தனியே வைத்துக் குறையைச் சொல்லியே விற்கலாம். ஒளித்து விற்பது ஒரு நாள் செல்லும்.

சாயத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே கட்டம் போட்ட நம் கைத்தறித் துணி மிகுதியாக விற்றது. துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து ஒரு கட்டம் மறு கட்டத்தில் கலந்தது. சொல்லாமல் விற்றபோது வாங்கியவர்கள் சீறினார்கள். விளம்பரக்காரர்கள் கெட்டிக்காரர்கள்; ‘சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள். அந்தச் சாமர்த்தியம் நமக்கு வேண்டியதில்லை; ஆனால் முன்கூட்டிச் சொன்னதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஒவ்வொரு துணியோடும் ஒரு சிறு சீட்டு போக வேண்டும்: நூல் என்ன, நீள அகலம் என்ன, ரவிக்கைத் துண்டு உண்டா, முதல் சலவை எப்படி, எந்த ஊர், எந்தச் சங்கம், யார் நெய்தது. சீட்டு அந்த நகரத்து மொழியிலும் இருப்பது நலம். மூட்டை கட்டுமுன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துணுக்கை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

முத்திரைகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பட்டுக்கான சில்க் மார்க் 2004-இலும், கைத்தறி முத்திரை 2006-இலும் ஏற்பட்டவை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தக் குறியீடு பட்டுக்கே உரியது. பருத்திப் புடைவையைக் காட்டிக் “காஞ்சிபுரம்தான், அம்மா” என்று இரு பொருள்படச் சொல்லும் விற்பனையாளரை நான் கண்டதுண்டு. அது பொய்யின் ஓரத்தில் நிற்கிற பேச்சு.

எடுத்துச் செல்வதிலும் கவனம் வேண்டும். பட்டையும் ஜரிகையையும் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. கண்ணாடி ஒன்று, பகல் வெளிச்சம் போன்ற விளக்கு இரண்டு, பில் புத்தகம், சில்லறை, கைப்பேசி வழியே பணம் பெறுவதற்குச் சங்கத்தின் பெயரிலுள்ள ஸ்கேன் அட்டை. தனியாள் பெயரிலுள்ள அட்டையைத் தொங்கவிட்டு, பிறகு தணிக்கையில் நம் உயிரை வாங்காதீர்கள். சரக்குக்கு இன்ஷ்யூரன்ஸ் செய்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் இரவு தில்லி ஹாட்டில் தீப்பற்றிப் பல கடைகள் எரிந்துபோயின. கைவினைஞர்களின் மாதக்கணக்கான உழைப்பு ஓர் இரவில் சாம்பலாயிற்று.

அதே சங்கம் இரண்டாண்டு கழித்து மறுபடி புறப்பட்டது, இம்முறை சென்னைக்கு. புறப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்பு சங்கத்துக் கூடத்தில் பத்தடிக்குப் பத்தடி சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள்ளேயே கடையை அமைத்துப் பார்த்தோம். பள்ளிக்கூட ஆசிரியைகள் சிலரை வாங்குபவர்களாக வந்து கேள்வி கேட்கச் சொன்னோம். அவர்கள் சற்றும் இரக்கம் காட்டவில்லை. ஓர் ஆசிரியை, “ஏறக்குறைய இதே போன்றது கடைத்தெருவில் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே?” என்று கேட்டார். விற்பனையாளர் விழித்தார். ஓரத்தில் நின்ற அம்மாள் ஒருவர், முன்பு என்னைச் சங்கத்து வாசலில் நிறுத்திக் கேட்டவர்தான், முன்னால் வந்து புடைவையைத் திருப்பிப் போட்டார். கோர்வையில் கரை நூலும் உடல் நூலும் பின்னிக் கிடக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். துணியை அகலம் மாறாமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசிகள் ஓரத்தில் விட்ட நுண்துளைகளைக் காட்டினார். “இவை இருந்தால் கைத்தறி, கையால் தடவிப் பாருங்கள், அம்மா” என்றார். ஆசிரியை தடவிப் பார்த்தார். யார் சென்னைக்குச் செல்ல வேண்டும் என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

அந்த அம்மாள் முதலில் மறுத்தார். வீட்டில் பேரக் குழந்தை, தறியில் பாதிப் பாவு, தமக்குப் படிப்பில்லை என்று மூன்று காரணம். தறி நின்ற நாட்களுக்குக் கூலி உண்டு என்று குழு எழுதிக் கொடுத்த பிறகே சம்மதித்தார். இதை வற்புறுத்திச் சொல்லுகிறேன்: நெசவாளரைக் கடைக்கு அழைத்துச் செல்வது உபகாரம் கேட்பதன்று, அதுவும் வேலை, அதற்கும் கூலி. கண்காட்சியில் அவர் பக்கத்தில் ஒரு சிறு மாதிரித் தறியையும் வைத்திருந்தோம். கூட்டம் அதைச் சுற்றி நின்றது. நூறு சேலை நெய்தவர் ஆனாலும் அதை உடுத்தி நடப்பவரைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று இரண்டாம் நாள் மாலை என்னிடம் சொன்னார்.

அறுபது புடைவைகளில் நாற்பத்து நான்கு விற்றன. எழுதிய விலைக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. பதினோரு பேர் ஆர்டர் கொடுத்தனர். ஆர்டர் வாங்குவதிலும் ஒரு முறை உண்டு: தறிக்கு மேல் ஒப்புக்கொள்ளக்கூடாது, முன்பணம் வாங்காமல் பாவு ஏற்றக்கூடாது. ஒரு பாவுக்கு மூன்று புடைவை என்பதை விளக்கிச் சொன்னபோது, ஒரு குடும்பத்துச் சகோதரிகள் மூவர் சேர்ந்து ஒரே பாவுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஊடை மட்டும் அவரவர் விருப்பம்.

கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்றன்று இரவு இருப்பும் ரொக்கமும் ஒத்துப் பார்த்து இருவர் கையெழுத்திட வேண்டும். இது நான் கண்டுபிடித்த சட்டமன்று. பக்கத்திலிருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று கண்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டாகக் கல்லில் இருப்பதை நாம் நோட்டுப் புத்தகத்திலாவது எழுதலாம்.

விவசாய அங்கத்தினர்களும் இப்போது இதே கண்காட்சிகளுக்குப் பாரம்பரிய அரிசியும் செக்கெண்ணெயும் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் மேலே சொன்ன விலைக் கணக்குப் பொருந்தும். உணவுப் பொருளுக்குப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, அடைத்த தேதி, விலை நான்கும் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும். எண்ணெயை மட்டும் துணிக் கடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பாட்டில் உடைந்தால் இரு சங்கமும் வருந்தும்.

பதினோரு ஆர்டர்களில் ஆறு முடிந்து அனுப்பியாயிற்று. சகோதரிகள் மூவருக்கான பாவு, நான் சென்ற வாரம் பெருநகர் வழியே போனபோது, அந்த அம்மாளின் தறியில்தான் இருந்தது. இரண்டாவது புடைவையின் முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கண்காட்சிக்கு யாரை அனுப்புவது என்று குழு இன்னும் கூடவில்லை. தாம் வருவதாகவும், ஆனால் இம்முறை மருமகளையும் பழக்கிவிட அழைத்து வரவேண்டும், அவளுக்கும் கூலி போட வேண்டும் என்றும் சொல்லி, தலைவரிடம் தெரிவிக்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். தெரிவித்துவிட்டேன்.